நோட்டுப் புத்தகத்தில் இரட்சிப்பைத் தேடும் சகோதரிக்கு

மாண்டலேயிலிருந்து 43 வயதுச் சகோதரி ஒருவர் பதினொரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். கணவர் இருக்கிறார், படிக்கிற மகள் ஒருத்தி. அப்பா காலத்தில் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம். அப்பாவைப் பெற்ற பாட்டி மட்டும் கடைசிவரை பெருமாளைக் கும்பிட்டவர். இவருக்குக் கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிட்டது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை மதியம் பூமி அதிர்ந்தபோது தையல் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, "ஆண்டவரே, என்னை உயிரோடு விட்டால் சாகும்வரை வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருப்பேன், தினம் மூன்று மணி நேரம் ஜெபிப்பேன், பொய்யே சொல்ல மாட்டேன்" என்று பொருத்தனை செய்தார். பிழைத்துக்கொண்டார். அடுத்த தெருவில் சரிந்த கட்டடத்துக்குள் அகப்பட்ட ஒரு பையனை, தெருவாசிகள் வெறுங்கையால் செங்கல்லை அகற்றி, இருட்டிய பிறகு வெளியே இழுத்தார்கள். இவரும் வரிசையில் நின்று செங்கல் கை மாற்றியிருக்கிறார்.

இரண்டு மாதம் பொருத்தனையைக் காப்பாற்றினார். அப்புறம் ஒரு நாள் வாடிக்கைக்காரம்மாவிடம் "நாளைக்கு ரவிக்கை ரெடி" என்று சொல்லி, அது ரெடியாகவில்லை. அன்றிலிருந்து நோட்டுப் புத்தகம் போட்டுக் கணக்கு எழுதுகிறார். இடப்பக்கம் குறை, வலப்பக்கம் நிறை. இப்போது மூன்றாவது நோட்டு. ஜெபத்தில் கவனம் சிதறினால் முதலிலிருந்து தொடங்குகிறார். சில இரவுகளில் ஒரே ஜெபத்தை முப்பது நாற்பது தடவை. தூக்கம் இல்லை, எடை குறைந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு சாயங்காலம்வரை பட்டினி கிடக்கிறார்.

கேட்பவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர், "இரட்சிக்கப்பட்ட தேதி சொல்லத் தெரியவில்லையென்றால் நீங்கள் இரட்சிக்கப்படவில்லை, மறுபடி ஞானஸ்நானம் எடுங்கள்" என்கிறார். போனில் ஜெபிக்கிற ஒரு ஊழியக்காரர், பொருத்தனையை முறித்த சாபம் நீங்க 15 லட்சம் கியாட் காணிக்கை கேட்கிறார். கழுத்துச் சங்கிலியை விற்றுவிடலாமா என்று சகோதரி யோசிக்கிறார். பக்கத்து வீட்டு பர்மியப் பெண்மணி, இவர் 'அமா' (அக்கா) என்று கூப்பிடுகிறவர், "தனக்குத் தான்தான் துணை தங்கச்சி, புண்ணியம் செய், வேறு யாரும் உன்னைக் கரையேற்ற முடியாது" என்கிறார். "அமா சொல்வதும் பைபிள் சொல்வதும் ஒன்றுதானே? 'உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்' என்று எழுதியிருக்கிறதே? நான் இரட்சிக்கப்பட்டேனா, இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள்" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஏதோ ஒன்று உறுத்தியது. இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்தேன். 'நான்', 'எனக்கு', 'என்னால்' என்ற சொற்கள் ஒவ்வொரு பக்கத்திலும் நிறைந்திருக்கின்றன. இயேசுவின் பெயர் இரண்டே இடத்தில் வருகிறது: ஆரம்பத்து வாழ்த்தில் ஒன்று, முடிவு வாழ்த்தில் ஒன்று. உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பயந்துபோன மனசு அப்படித்தான் எழுதும். பல்வலிக்காரருக்கு அந்த ஒரு பல்லைத் தவிர உடம்பில் வேறெதுவும் நினைவில் நிற்காது. ஆனால் உங்கள் வேதனையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே வார்த்தையில் பதில் கேட்டீர்கள். "ஆம்" என்று எழுத எனக்கு ஒரு வினாடி போதும். அதைப் படித்ததும் உங்களுக்கு நிம்மதி வரும். நாளைச் சாயங்காலம்வரை இருக்கும். அப்புறம், "இவருக்கு என்னை முழுசாகத் தெரியாதே, அந்த ஒரு விஷயத்தை நான் எழுதாமல் விட்டுவிட்டேனே" என்று மனசு ஆரம்பிக்கும். உங்கள் கணவர் "ஆம்" என்று சொல்லிவிட்டார், சபைப் போதகர் சொல்லிவிட்டார், உங்கள் மகளும் சொல்லிவிட்டாள். மூன்றும் ஒரு நாள் தாண்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாலாவதாக என் வார்த்தையும் அதே குழியில்தான் விழும். அதனால் அந்தச் சான்றிதழை நான் தரப்போவதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டுகிறேன்.

மேசைக்கு அடியில் செய்த பொருத்தனை

நிலநடுக்கம் உங்களுக்கான தண்டனை என்று நினைக்கிறீர்கள். பிழைத்தது ஓர் ஒப்பந்தம், அதை முறித்தால் அடுத்த தண்டனை வரும் என்றும் நினைக்கிறீர்கள். இரண்டும் தவறு. எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, அவரே "அப்படியல்ல" என்று பதில் சொன்னார். லூக்கா 13-இல் இருக்கிறது. மனந்திரும்புங்கள் என்று எல்லாரையும் பார்த்து அதே மூச்சில் சொன்னார், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் செத்தவர்களின் பாவத்தையும் பிழைத்தவர்களின் புண்ணியத்தையும் தராசில் வைக்கிற வேலையை அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். உங்கள் தெருவில் இறந்தவர்கள் உங்களைவிடக் கெட்டவர்கள் இல்லை. நீங்கள் பிழைத்தது உங்கள் பொருத்தனைக்குக் கிடைத்த கூலியும் இல்லை.

அந்தப் பொருத்தனை எப்போது செய்தது? கூரை ஆடிக்கொண்டிருந்த ஒரு நிமிடத்தில். காய்ச்சல் வேகத்தில் ஒரு குழந்தை "அம்மா, இனிமேல் குறும்பே செய்ய மாட்டேன்" என்று அழுதால், எந்தத் தாயாவது அதைப் பத்திரத்தில் எழுதிவைத்து மறுவாரம் நீட்டுவாளா? அந்தக் குழந்தையின் பயத்தைத்தான் அவள் கேட்பாள். வேதம் பொருத்தனையை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, உண்மைதான். ஆனால் லேவியராகமம் 27-ஐ எடுத்துப் பாருங்கள். பொருத்தனை செய்தவன் செலுத்த முடியாத ஏழையாக இருந்தால், அவனுடைய திராணிக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பைக் குறைத்துக்கொடுக்க அங்கே இடம் இருக்கிறது. பொருத்தனையைப் பற்றிப் பேசுகிற சட்டத்துக்குள்ளேயே இரக்கம் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் போதகரிடம் போங்கள். பயத்தில் சொன்னதை அவர் முன்னால் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டு, உங்கள் உடம்பும் வேலையும் தாங்குகிற ஒரு சின்ன ஒழுங்கை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு சங்கீதம் வாசிப்பது போதும்.

யார் கை யாரைப் பிடித்தது

அந்தப் பையனைப் பற்றி ஆறு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான பகுதி அதுதான். வெளியே இழுத்தபோது அவனுக்கு நினைவில்லை, முகமெல்லாம் சிமெண்ட் தூசி, ஒரு கால் மட்டும் செருப்போடு இருந்தது, இழுத்தவர்களின் விரல்களில் ரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். அவன் எப்படிப் பிழைத்தான்? நன்றாகப் பிடித்துக்கொண்டதாலா? அவன் எதையும் பிடிக்கவில்லை. அவனைப் பிடித்தார்கள். இன்றைக்கு அவன் நடமாடுகிறான் என்றால், தன் பிடி எவ்வளவு உறுதி என்று அவன் உட்கார்ந்து அளக்கவா செய்கிறான்?

உங்கள் பாட்டி வைணவர் என்றால் குரங்குக் குட்டியையும் பூனைக் குட்டியையும் பற்றி நிச்சயம் சொல்லியிருப்பார். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும். இறைவன் அருளில் மனிதனின் பங்கு எவ்வளவு என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக விவாதித்தது இந்த இரண்டு உவமைகளை வைத்துத்தான். அவர்கள் சொன்னதும் நம் சுவிசேஷமும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. நமக்கு அருள் என்பது கல்வாரியில் ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட மனுஷனின் சிலுவையில் நடந்து முடிந்த காரியம். ஆனால் உங்கள் நோட்டைப் பார்த்தால் பாட்டி அடையாளம் கண்டுகொள்வார். நீங்கள் கை மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டிருக்கிற குரங்குக் குட்டி. நழுவினால் போச்சு என்ற பயத்திலேயே ஒன்பது மாதம் கழித்திருக்கிறீர்கள்.

வனாந்தரத்தில் பாம்பு கடித்த இஸ்ரவேலருக்கு மோசே வெண்கல சர்ப்பத்தை உயர்த்திக் காட்டியது எண்ணாகமம் 21-இல் வருகிறது. இயேசு நிக்கொதேமுவோடு ராத்திரியில் பேசும்போது தம்மை அதோடுதான் ஒப்பிட்டார். கடிபட்டவனுக்குக் கடிவாயைப் பார்க்கத்தான் தோன்றும். வீக்கம் ஏறுகிறதா, நிறம் மாறுகிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பான். பிழைக்கிற வழியோ நிமிர்ந்து கம்பத்தைப் பார்ப்பதில் இருந்தது. கண் கூர்மையாக இருந்தவனும் பிழைத்தான், மயக்கத்தில் மங்கலாகப் பார்த்தவனும் பிழைத்தான். "பூமியின் எல்லையெங்குமுள்ளவர்களே, என்னை நோக்கிப்பாருங்கள், அப்பொழுது இரட்சிக்கப்படுவீர்கள்" என்று ஏசாயா 45:22-இல் இருக்கிற அழைப்பில், எவ்வளவு நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அளவு போடவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். "என் விசுவாசம் போதுமா என்று தெரியவில்லை" என்று நாலு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கிரியைகளால் இரட்சிப்பு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கிரியை இருந்த நாற்காலியில் விசுவாசத்தை உட்காரவைத்து, அதையும் தராசில் நிறுக்கிறீர்கள். விசுவாசம் உங்களை இரட்சிக்கிற பொருள் இல்லை, சகோதரி. இரட்சிக்கிறவர் கிறிஸ்து, விசுவாசம் அவரைப் பார்க்கிற கண். கண் தன்னைத் தானே பார்க்க முடியாது. பார்த்தே தீருவேன் என்று முயன்றால் வேறு எதையும் பார்க்க முடியாமல் போகும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9-இல் ஒரு தகப்பன் கதறினான். அரைகுறை விசுவாசம்தான். அவன் பிள்ளை குணமானான்.

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர். பாத்திர பண்டங்களுக்கு ஒட்டுப் போட்டுப் பிழைத்தவர், அப்புறம் பிரசங்கியார் ஆனார். வருஷக்கணக்கில் உங்களைப் போலவே தவித்தார். ஒரு நாள் வயல்வெளியில் நடந்துபோகும்போது, உன் நீதி பரலோகத்தில் இருக்கிறது என்ற வாக்கியம் மனசில் பட்டது. தன் நீதி கிறிஸ்துவே என்றும், அவர் தேவனுடைய வலதுபக்கத்தில் இருக்கிறார் என்றும் அப்போது புரிந்ததாக எழுதியிருக்கிறார். தன் மனநிலை நன்றாக இருக்கும் நாளில் அந்த நீதி கூடுவதில்லை, மோசமாக இருக்கும் நாளில் குறைவதுமில்லை. உங்கள் நோட்டின் இரண்டு பக்கமும் தொட முடியாத இடத்தில் அது இருக்கிறது.

மோல்மேன் காட்டில் ஒரு குழி

"என்னைப் போல ஒரு கிறிஸ்தவள் இருக்க மாட்டாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நம் நாட்டிலேயே இருந்த ஒருவரைச் சொல்கிறேன். அதோனிராம் ஜட்சன். 1813 ஜூலையில் மனைவி ஆன் என்பவரோடு ரங்கூனில் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரி. பர்மிய மொழியில் முழு பைபிளைத் தந்தவர் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்தில் வராத பகுதி ஒன்று இருக்கிறது.

1824-இல் ஆங்கிலேயரோடு சண்டை மூண்டதும் அவரைப் பிடித்து ஆவா சிறையில் போட்டார்கள். பிறகு இன்று உங்கள் ஊர் எல்லைக்குப் பக்கமாக இருக்கிற அவுங்பின்லேக்குக் கொண்டுபோனார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆன் அதிகாரிகள் வாசல்வாசலாகக் கெஞ்சி அவருக்குச் சோறு கொண்டுபோனார். அவர் விடுதலையானார். ஆனால் 1826 அக்டோபர் 24-ஆம் தேதி, அவர் பக்கத்தில் இல்லாதபோது, ஆன் காய்ச்சலில் இறந்துபோனார். ஆறு மாதத்தில் அந்தக் குழந்தையும் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஜட்சன் தனக்குள்ளே தோண்ட ஆரம்பித்தார். தன் ஊழியமெல்லாம் பெருமைக்காகச் செய்ததோ என்ற சந்தேகம் வந்தது. பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்தைத் துறந்தார். சொத்தை மிஷனுக்கு எழுதிக்கொடுத்தார். தனக்கு வந்த புகழ்ச்சிக் கடிதங்களை அழிக்கச் சொன்னார். ஆன் இறந்து சரியாக இரண்டு வருஷம் ஆன நாளில், மோல்மேனுக்குப் பக்கத்துக் காட்டில் குடிசை போட்டுத் தனியாகக் குடியேறினார். அங்கே ஒரு குழியை வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, செத்த உடம்பு எப்படி அழுகும் என்று தியானித்துக்கொண்டிருந்தார். தேவன் தனக்கு அறியப்படாத ஒருவராகவே இருக்கிறார், அவரை நம்புகிறேன், ஆனால் கண்டடைய முடியவில்லை என்று அந்த நாட்களில் எழுதினார். இதை எழுதியவர் விசுவாசம் இல்லாதவரா?

அவர் வெட்டிய குழியும் உங்கள் மூன்று நோட்டுகளும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. 'நான்' என்பதைச் சாகடிக்க வேண்டும் என்று ஆரம்பித்த வேலை, நாள் முழுக்க அந்த 'நானை'யே பார்த்துக்கொண்டிருக்கிற வேலையாக முடிந்தது.

அவர் திரும்பி வந்தது எப்படி? 1829-இல் அமெரிக்காவில் அவர் தம்பி எல்நாத்தான் இறந்துபோனார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் இவர் கப்பலேறியபோது விசுவாசம் இல்லாமல் இருந்த தம்பி, விசுவாசத்தில் மரித்தான் என்ற செய்தி கடல் தாண்டி வந்து சேர்ந்தது. அவருடைய இருட்டு கலையத் தொடங்கியது அங்கிருந்துதான் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். நண்பர்களும் இருந்தார்கள், வேலையும் இருந்தது, காலமும் ஆனது. ஒரே கடிதத்தில் எல்லாம் சரியாயிற்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் செய்தியைக் கவனியுங்கள். அது அவர் குழிக்குள்ளிருந்து வரவில்லை. அவர் எதுவும் செய்யாத இடத்தில், அவருக்குத் தெரியாமல், தேவன் செய்து முடித்த ஒன்று, செய்தியாக வந்தது. சுவிசேஷம் என்ற சொல்லுக்கே நற்செய்தி என்றுதானே அர்த்தம்? செய்தி வெளியிலிருந்துதான் வர முடியும். 1834 ஜனவரியில் அவர் பர்மிய பைபிள் மொழிபெயர்ப்பை முடித்தார்.

மறுபடி ஞானஸ்நானம், தேதி, பணம்

ஞானஸ்நானத்தைப் பற்றிச் சபைகளுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. குழந்தை ஞானஸ்நானம் போதும் என்பவர்களும் வேதத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள், போதாது என்பவர்களும் அப்படியே. ஜட்சனே 1812-இல் கப்பலில் வரும்போது வேதத்தை ஆராய்ந்து மனம் மாறி, கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர். அதற்குப் பதினாறு வருஷம் கழித்துத்தான் அந்தக் குழி. தண்ணீரில் இறங்கியது அவர் பயத்துக்கு மருந்தாகவில்லை. நீங்களும் நிதானமாகப் படித்து, மனசாட்சி தெளிந்து எடுப்பதானால் அது வேறு விஷயம். இப்போது, இந்தப் பயத்தில், எடுக்காதீர்கள். எடுத்தால் அடுத்த வாரமே "சரியான மனநிலையில் எடுத்தேனா" என்று நோட்டில் எழுதுவீர்கள்.

தேதி கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்லவே வேண்டியதில்லை. சண்டைக் காலத்தில் இந்த நாட்டில் பிறந்த நம் பெரியவர்களில் எத்தனையோ பேருக்குப் பிறந்த தேதி தெரியாது. உயிரோடு இருந்தார்கள், நம்மை வளர்த்தார்கள். சிலருக்கு மனந்திரும்பிய நாள் துல்லியமாக நினைவிருக்கும், அது நல்லதுதான். ஆனால் தேதியைப் பார்ப்பதும் தன்னைப் பார்ப்பதில் இன்னொரு வகை.

பணத்தைப் பற்றி இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. ஒரு கியாட்கூட அனுப்பாதீர்கள். சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். தேவனுடைய வரத்தைப் பணத்தால் வாங்கலாம் என்று நினைத்த சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதிலை அப்போஸ்தலர் 8:20-இல் படியுங்கள். அந்தப் பதில் விற்க வருகிறவருக்கும் பொருந்தும். சாபம் என்று பயமுறுத்திக் காசு கேட்பவரின் நம்பரை உங்கள் மகளிடம் சொல்லித் தடுத்துவைக்கச் சொல்லுங்கள். அவர் திரும்பத் திரும்ப அழைத்தால் கணவர் பேசட்டும், நீங்கள் எடுக்க வேண்டாம். பணம் தர மறுப்பது விசுவாசக் குறைவு இல்லை, அது உங்கள் உரிமை.

உடம்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது

இதுவரை போதகராகப் பேசினேன், இப்போது ஆலோசகராக. நீங்கள் சாப்பிடுகிற மாத்திரையின் பெயரை எழுதவில்லை. சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைசுற்றல் வரும், மயக்கம்கூட வரலாம். வெள்ளிக்கிழமை மதியங்களில் "ஆவியானவர் என்னைவிட்டு விலகுவதுபோல் உடம்பு நடுங்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது சர்க்கரை குறைந்த நடுக்கமாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். அப்படி வந்தால் உடனே சர்க்கரையோ இனிப்போ வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்டர் சொல்லும்வரை உபவாசம் வேண்டாம்.

இன்னொன்று. ஒரே ஜெபத்தை நாற்பது தடவை சொல்வது, குறைகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பது, எல்லாரிடமும் உறுதி கேட்பது, கேட்டும் அடங்காதது: இதை மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். எண்ணச் சுழற்சி நோயில் (OCD) மத சம்பந்தமாக வருகிற ஒரு வகை இது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு தலைதூக்கலாம். பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் உண்டு, குணம் தெரியும். மனநல மருத்துவரைப் பார்ப்பதால் உங்கள் விசுவாசம் குறைந்துபோகாது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களே, அதே மாதிரிதான். அவரைப் பார்க்கும்வரை மூன்று காரியம் செய்யுங்கள். நோட்டுகளைக் கணவரிடம் கொடுத்துவிடுங்கள், நாலாவது வாங்காதீர்கள். ஜெபத்தை ஒரே தடவை சொல்லுங்கள். கவனம் சிதறினாலும் 'ஆமென்' சொல்லிவிட்டு எழுந்து தையலுக்குப் போங்கள், அந்தச் சங்கடம் அப்படியே இருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் தானே தணியும். "நான் இரட்சிக்கப்பட்டேனா" என்று வீட்டில் யாரிடமும் கேட்காதீர்கள். கேட்டாலும் பதில் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடம் நானே எழுதித் தருகிறேன். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்" என்று 1 யோவான் 3:20-இல் இருக்கிறது. அந்த வசனம் எழுதப்பட்டதே அப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான்.

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் என்றைக்காவது வந்தால், அந்த நிமிடமே கணவரை எழுப்புங்கள். தனியாக ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அமா சொன்னது

அமா சொன்னது தம்மபதத்தின் 160-ஆம் பாட்டு. 'அத்தா ஹி அத்தனோ நாதோ', தனக்குத் தானே நாதன், வேறு யார் நாதனாக முடியும் என்று பாலியில் வருகிறது. பர்மியர்கள் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்கிற வார்த்தை அது. உன்னை நீயே பழக்கு, சோம்பி இராதே என்கிற அந்தக் கண்டிப்புக்கு நான் மரியாதை தருகிறேன். ஆனால் அதுவும் சுவிசேஷமும் ஒன்றா என்று கேட்டீர்கள். ஒன்றில்லை. என்னால் என்னைக் காப்பாற்ற முடியவில்லை என்று சொல்கிறவனுக்கு, வெளியிலிருந்து ஒருவர் வந்தார் என்பதுதான் நம் விசுவாசத்தின் முதல் வார்த்தை. "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்று எபேசியர் 2:8 சொல்கிறது. நீங்கள் காட்டிய பிலிப்பியர் 2:12-ஐ அடுத்த வசனத்தோடு சேர்த்துப் படியுங்கள்: விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்று பவுல் அதே வாக்கியத்தைத் தொடர்கிறார். பிரயாசம் உண்டு. ஆனால் அது வெளியே இழுத்துப் போடப்பட்ட பிறகு அந்தப் பையன் நடந்து பழகுகிற பிரயாசம்.

அமாவோடு இதைப் பற்றி வாதாட வேண்டாம். அவர்கள் புண்ணியக் காரியம் முடித்துத் தண்ணீர் ஊற்றும்போது, "அம்யா, அம்யா, அம்யா" என்று எல்லாரோடும் பங்கு வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தனக்குத் தானே துணை என்று சொல்கிறவர்களுக்கும் கை நீட்டிக் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு நீங்கள் தெருவில் படுத்திருந்த ராத்திரிகளில் உங்களுக்குத் தண்ணீரும் சோறும் கொண்டுவந்தது அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை காலைகளில் அவர் கொண்டுவரும் மோஹிங்காவை (மீன் குழம்பு நூடுல்ஸ்) உபவாசம் என்று திருப்பி அனுப்புவதில் அவருக்கு மனசு நொந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வெள்ளிக்கிழமை அவர் கிண்ணத்தோடு வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவரை உட்காரவைத்து அவரோடேயே சாப்பிடுங்கள், மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். ஒரு பக்கம் போதும்.